கணக்கில் விட்டுப்போன படகு

கார் கதவைத் திறந்தால் இன்னும் கருவாட்டு வாடை அடிக்கிறது. இரண்டு தடவை வாட்டர் சர்வீஸ் விட்டுப் பார்த்தாயிற்று, போகிறதா பார். ஜெகதாப்பட்டினத்திலிருந்து வரும்போதெல்லாம் நீ வாங்கிப் பின்சீட்டில் போட்ட நெத்திலியும் வாளையும் சீட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டன. "நல்லா இறுக்கிக் கட்டுடி" என்று நான் கத்தினால், "வாடை வராட்டி அது என்னடி கருவாடு?" என்று ஜன்னலை இறக்கிவிடுவாய். நேற்று மெக்கானிக் ஏதோ ஸ்ப்ரே அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ போய் நாலு மாதமாகிறது. அடுத்தவர் தொழில் கணக்கை அலசிச் சொல்லும் நம் புதுக்கோட்டை ஆபீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களும் கெட்டிக்காரிகள். ஆனால் ஃபைலைத் திறந்த உடனே கிராஃப் போட ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "இதுல என்ன இல்லைன்னு மொதல்ல பாத்தியா?" என்று கேட்டுவிடுகிறேன். அது உன் கேள்வி. எங்கே பிடித்தீர்கள் இந்தக் கேள்வியை என்று அவர்கள் கேட்டபோது குமரேசன் கதையைச் சொன்னேன். நீ இருந்திருந்தால் வரிக்கு வரி குறுக்கே விழுந்து திருத்தியிருப்பாய்.

ஜெகதாப்பட்டினத்து முதலாளிக்குச் சில விசைப்படகுகள். எந்த டிரைவர் செலவாகிற டீசலுக்கு ஏற்ற மீன் கொண்டுவருகிறார், யாரை நிறுத்திவிடலாம் என்று நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளை அனுப்பிய ஃபைலை வைத்து நான் முடித்துவிட்டேன். கடைசி இடம் குமரேசன். எந்த மாதத்தை எடுத்தாலும் அவர்தான் கடைசி. இறக்கிவிட்டால் அந்த வயதில் வேறு யாரும் அவரை நம்பிப் படகு கொடுக்கப் போவதில்லை, திரும்ப வலை இழுக்கப் போக வேண்டியதுதான். அது நம் இருவருக்குமே தெரிந்திருந்தது. "கணக்கு சொல்றதைத்தானடி நாம சொல்ல முடியும்" என்றேன். கொடுத்த கணக்குக்கு அதுதான் விடை என்று இன்றைக்கும் நான் சண்டை போடுவேன்.

நீயோ முதலிடம் வாங்கிய டிரைவரின் வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இவரு வரி பாதியிலதான் ஆரம்பிக்குது, ஓட்டுறது புதுப் போட்டு. அதுக்கு முந்தி எதை ஓட்டுனாரு?" என்று கேட்டுவிட்டு உடனே கணக்குப்பிள்ளைக்குப் போன் போட்டாய்.

அவர் முதலில் மழுப்பினார். பிறகு, "அந்தப் போட்டைக் கடல் எல்லைக்கு அங்கிட்டு வச்சு அந்த நாட்டு நேவிக்காரங்க புடிச்சுட்டாங்கம்மா. ஆளுங்க வந்துட்டாங்க, போட்டு வரல. முதலாளியோட ஆத்தா பேரு வச்ச போட்டு. அந்தப் பேரைப் பாத்தாலே மனுசன் ஒடைஞ்சு போறாரு. அதான் அதுக்குண்டான வரியெல்லாம் எடுத்துட்டேன்" என்றார். குமரேசனைப் பற்றியும் அவர்தான் சொன்னார். எல்லை நெருங்குவதற்கு முன்பே வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவாராம். மீன் குறைச்சல்தான், ஆனால் போன படகு போன ஆட்களோடு வந்துவிடும்.

எடுத்த வரிகளை வாங்கிச் சேர்த்தோம். பறிபோன படகின் விலையையும் கணக்கில் கொண்டுவந்தோம். கடைசி ஆள் முதலிடத்துக்கு வந்துவிட்டார். நேரில் போய்ச் சொன்னபோது முதலாளிக்கு வந்த கோபத்தை நான் மறக்கவில்லை. "ஏம்மா, மீன் புடிக்கத்தானே ஆள் வச்சிருக்கேன்? கடலைச் சுத்திப் பாத்துட்டு வரவா? அந்தப் போட்டைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க."

நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். நீ மெதுவாகத்தான் சொன்னாய்: "பேசலங்கய்யா. ஆத்தா பேரு வச்சதை இழந்துட்டு நிக்கிறீங்க, எங்களுக்குப் புரியாம இல்லை. ஆனா மீனு, மீனுன்னு மட்டும் கேட்டா அடுத்த போட்டும் அங்கிட்டுத்தான் போகும். அந்த டிரைவரையும் குத்தம் சொல்ல முடியாது, நீங்க கேட்டதைத்தான் அவரு கொண்டாந்தாரு."

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி, குமரேசனே ஓட்டட்டும்" என்றார். திரும்பும்போது காரில் நான் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினேன். உனக்கு அந்த மனிதரை நினைத்துத்தான் வருத்தம். "வலிக்கிற எடத்தைத்தான்டி எல்லாரும் அழிச்சுத் தாராங்க. அதைக் கேக்குறப்ப கொஞ்சம் பாத்துக் கேக்கணும்" என்றாய். கேள்வி கேட்க நான் கற்றுக்கொண்டேன். பார்த்துக் கேட்பது இன்னும் சரியாக வரவில்லை.

போன வாரம் தனியாக ஜெகதாப்பட்டினம் போனேன். படகுத்துறையில் குமரேசன் டீசல் கேனோடு நின்றார். அவருக்காக நீ பேசியதைக் கணக்குப்பிள்ளை எப்போதோ அவரிடம் சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "வாங்கக்கா. கருவாட்டக்கா வரலையா?"

நீ போனதை நம் வாடிக்கையாளர் எல்லோருக்கும் மெயிலில் சொல்லியிருந்தேன். படகுத்துறையில் யார் மெயில் பார்க்கிறார்கள்? தலைக்குள் ரத்தம் கசிந்ததை, ஒரே நாளில் எல்லாம் முடிந்ததை, ஆவூர்க் கல்லறையில் உன்னை வைத்துவிட்டு வந்ததை அங்கேயே நின்று சொன்னேன். அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லலையேக்கா. நம்ம ஆளு ஒண்ணு போச்சுன்னா அன்னைக்கு நாங்க தொழிலுக்குப் போக மாட்டோம். தெரியாம அன்னைக்கும் கடல்லதானே கெடந்திருக்கேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மீன் குறைச்சல் என்று வேலையே போகவிருந்த மனிதர், உனக்காக ஒரு நாள் மீனை வேண்டாம் என்று விட்டிருப்பார். கணக்கில் அந்த நாளுக்கு நேரே ஒரு பூஜ்யம் இருந்திருக்கும். நான் சொல்லாததால் அது இல்லாமல் போயிற்று. இப்போதெல்லாம் யார் கொண்டுவரும் ஃபைலிலும் ஒரு பூஜ்யம் கண்ணில் பட்டால், அன்றைக்கு யாருக்காக நிறுத்தினார்கள் என்று கேட்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.