பட்டியலில் இருபத்திரண்டாவது

ஜீவனஹள்ளி, பெங்களூர்
9-11-1997, ஞாயிறு

மதிப்பிற்குரிய சேஷகிரி அவர்களுக்கு,

வணக்கம். எழுதுவது முனியப்பன், தங்கள் மகள் பாமாவின் மாமனார். நாம் சந்தித்ததில்லை. ஆறு வருடத்துக்கு முன், அவர்கள் கல்யாணத்தின்போது, என் மகன் ரவிக்குத் தாங்கள் தலைமைச் செயலகத் தாளில் டைப் செய்து அனுப்பிய நான்கு வரிக் கடிதத்தில், இந்த விஷயமாக இனிக் கடிதப் போக்குவரத்து எதுவும் வேண்டாம் என்று கண்டிருந்தது. இதுவரை அப்படியே நடந்துகொண்டோம். இன்று மீறுகிறேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பாமாவுக்கு ஆப்பரேஷன் செய்து குழந்தையை எடுக்கப்போகிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதெல்லாம் பெட்டியில் வைத்தாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அது தங்களிடம் இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதத்தான் ஆசை. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாசலை அடைத்துக்கொண்டு கீழே இருக்கிறதாம். அதனால் வலி வரும்வரை காத்திருக்காமல் தேதி குறித்துவிட்டார்கள். ராகு காலத்துக்கு முன்பே ஒன்பது மணிக்கு வைத்தது தற்செயல்தான். நாங்கள் பௌத்தர்கள், ராகு காலம் பார்ப்பதில்லை. என் மனைவி லட்சுமம்மா டாக்டரம்மாவிடம், பத்தரைக்கு மேல் தியேட்டரில் வெளிச்சம் போதுமா என்று மட்டும்தான் நாலு தடவை கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். இங்கிலீஷில் டைப் செய்த இருபத்திரண்டு பொருள்கள். நான் முப்பத்தொரு வருடம் கன்டோன்மென்ட் நூலகத்தில் உதவியாளனாக இருந்தவன். பட்டியலைப் பார்த்தால் வரிசைப்படி அடுக்காமல் இருக்க முடியாது. ஓய்வு பெற்ற அன்று நூலகத்தில் கொடுத்த பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் ஒட்டினேன். முன்பக்கம் திறக்கிற நைட்டி நான்கு, ஃபிளாஸ்க் ஒன்று, வெந்நீர்ப் பை ஒன்று, தட்டு, டம்ளர், சோப்பு, ஊக்கு. மறுநாள் காலையில் பார்த்தால் பட்டியலில் இல்லாத சுக்கு, வசம்பு, பூண்டு, ஒரு துருப்பிடித்த சிறு கத்தி ஆகியவை சேர்ந்திருந்தன. கத்தி எதற்கென்று லட்சுமம்மாவைக் கேட்டேன். "தலைமாட்டுல இரும்பு இருக்கணும்யா" என்றாள். அங்கே டாக்டர்களிடமே கத்தி இருக்கிறது என்றேன். "அது அவங்களுது" என்றாள்.

எட்டாவது பொருள், பழைய பருத்தித் துணி பன்னிரண்டு. புதுத் துணி குழந்தைக்கு உறுத்தும் என்று ஆஸ்பத்திரியும் சொல்கிறது. பிறக்கும் முன் புதுத் துணி வாங்கக்கூடாது என்று லட்சுமம்மாவும் சொல்கிறாள். விஞ்ஞானமும் அவளும் ஒத்துப்போனதில் எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்ததில் நாற்பத்தேழு துணி சேர்ந்துவிட்டது. அதில் இரண்டு, சென்ற வருடத் தேர்தலில் கட்டிய பேனரிலிருந்து கிழித்தவை. எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். நன்றாக உறிஞ்சுகிற துணி.

பாமா தன் பங்குக்கு மூன்று நாவல்களை வைத்தாள். லட்சுமம்மா எடுத்துப் போட்டாள். "இன்னாத்துக்கு இவ்ளோ புக்கு? புள்ள பெக்கப் போறியா, பரீட்சை எழுதப் போறியா?" "ரெண்டுக்கும் பக்கத்து பெஞ்ச்சுல யாரும் உதவ மாட்டாங்க அத்தே" என்றாள் பாமா. இருவரும் மாறி மாறி எடுத்து வைத்ததில் பெட்டியின் ஒரு பூட்டு போய்விட்டது. இப்போது தாம்புக் கயிறு கட்டியிருக்கிறோம். நாவல்கள் உள்ளேதான் இருக்கின்றன. அவள் என் நூலகத்தில் உறுப்பினராக இருந்த காலத்திலிருந்தே ஒரு தடவைக்கு மூன்று புத்தகம்தான் எடுப்பாள். எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த ரவியை அவள் பார்த்ததும் அங்கேதான். ஆகவே நடந்த குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

இனி இருபத்திரண்டாவது பொருள். ரத்தம் இரண்டு பாட்டில், ஓ நெகட்டிவ், புதன்கிழமை பத்தொன்பதாம் தேதிக்குள். நஞ்சு இருக்கிற இடம் அப்படி, ரத்தப்போக்கு அதிகமானால் கையில் இருந்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டரம்மா. ரத்த வங்கிகளில் இருப்பு இல்லை. ஆளைக் கூட்டி வாருங்கள் என்கிறார்கள்.

போன ஞாயிறு எங்கள் தெருவிலிருந்து பதினெட்டுப் பேர் சோதனைக்குப் போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் தன்னுடையது அபூர்வமான ரத்தம் என்று உறுதியாக இருந்தார்கள். ரவி பொம்மசந்திராவில் தன் ஃபாக்டரியில் ஒரு ஷிப்ட் முழுவதையும் விசாரித்தான். கடைசியில் தேறியவர் ஒரே ஒருவர், ஆட்டோ ஓட்டுகிற மைக்கேல்ராஜ். அன்றுமுதல் அவன் சிவப்பு விளக்கு விழுந்தால் ஆட்டோவை நிறுத்துகிறான். "நம்ம பாடியில ஓடறது சாதாரண சரக்கு இல்ல மாமா" என்கிறான். ஒரு பாட்டில் கிடைத்துவிட்டது. இன்னொன்று கிடைக்கவில்லை.

தங்கள் வீட்டுக் கூடத்தில், 1971 யுத்தத்தின்போது தாங்கள் ராணுவ வீரர்களுக்கு ரத்தம் கொடுத்ததற்கான சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதாம். அதில் ரத்தப் பிரிவு ஓ நெகட்டிவ் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும் என்று பாமா பேச்சுவாக்கில் சொன்னாள். சொன்ன மறுநிமிடம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்கப்பாகிட்ட மட்டும் கேக்கக்கூடாது மாமா. கேட்டீங்கன்னா நான் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்" என்றாள். வந்துதான் ஆகவேண்டும் என்பதால் நான் கேட்கிறேன். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது.

தங்கள் நான்கு வரிகளில் மூன்றாவது வரி, இரு குடும்பங்களின் ரத்தம் கலப்பதைப் பற்றியது. அதை மறுத்து எழுத நான் வரவில்லை. ரத்த வங்கிக்காரர்களும் இந்த விஷயத்தில் தங்களைப் போலவே கண்டிப்பானவர்கள். கண்டதைக் கலக்கவிடமாட்டார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் சோதனை செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

பதினெட்டு வயதிலிருந்து அறுபது வரை எடுத்துக்கொள்கிறார்கள். தங்களுக்கு அறுபது முடிவது டிசம்பர் பன்னிரண்டில். பாமா வருடா வருடம் எங்கள் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போடுவாள், என்ன நாள் என்று கேட்டால் பால்காரருக்குக் காசு கொடுக்கிற நாள் என்பாள். எங்கள் பால்காரருக்கு ஒன்றாம் தேதிதான் கொடுக்கிறோம்.

ஆஸ்பத்திரியின் முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். ரத்த வங்கி காலை எட்டு மணிக்குத் திறக்கும். எங்கள் பக்கத்து வீட்டு வனஜா அங்கே நர்ஸ். அவளிடம் பாமாவின் பெயரைச் சொன்னால் போதும், எங்கள் யாரையும் பார்க்க வேண்டியிருக்காது. பதினேழிலிருந்து பத்தொன்பது வரை மூன்று நாட்களும் நாங்கள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

தாங்களும் தங்கள் துணைவியாரும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்க வேண்டுகிறேன். இந்த மாதம் அந்த வேண்டுதலில் கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை மீறிய
முனியப்பன்


ஜீவனஹள்ளி
22-11-1997, சனி

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பெண் குழந்தை. நேற்றுக் காலை ஒன்பது இருபத்திரண்டுக்கு. இரண்டு கிலோ எண்ணூறு. தாயும் சேயும் நலம். குழந்தை பிறந்ததும் முதலில் அதைச் சுற்றியது அந்தப் பேனர் துணியில்தான். அரசியலைப் பற்றித் தன் கருத்தை உடனே தெரிவித்துவிட்டது.

ரத்தப்போக்கு இருந்தது. ஒரு பாட்டில் ஏற்றினார்கள். யாருடையது என்று வனஜா சொல்ல மறுக்கிறாள். தன்னுடையதுதான் என்று மைக்கேல்ராஜ் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பத்தரை மணி வரைக்கும் ரவி வராந்தாவில் நின்றபடியே இருந்தான். லட்சுமம்மா எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பாட்டில் உள்ளே இருக்கிறது என்று தெரிந்ததால்தான் நான் நாற்காலியில் உட்கார முடிந்தது. இதைத் தவிர நன்றி என்று வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

வனஜா மற்றதெல்லாம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே, மழை இல்லாத நாளில் குடையோடு ஒருவர் வந்து நின்றாராம். படிவத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் முதலில் 'தெரிந்தவர்' என்று எழுதினாராம். ரத்தம் எடுத்து முடிந்ததும் படிவத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, அதை அடித்து 'தகப்பனார்' என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சிறு கையெழுத்தும் தேதியும் போட்டாராம். அதைப் பார்த்தபின், தலைமைச் செயலகத்தில் முப்பது வருடம் இருந்த பாமாவின் அப்பா இவர்தானா என்று வனஜா கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பிறகு பிஸ்கட் கொடுத்தபோது அதில் முட்டை இருக்கிறதா என்று கேட்டு, பதில் வருவதற்குள் படியிறங்கிவிட்டாராம்.

நான் பாமாவிடம் சொல்லவில்லை. வனஜா இன்று காலையில் சொல்லிவிட்டாள். பாமா அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி, "அவருக்கு பி.பி. இருக்கு மாமா. ரத்தத்தைக் குடுத்துட்டு ஒண்ணும் சாப்பிடாம பஸ் ஏறிப் போயிருக்காரே, விவரம் இருக்கா அவருக்கு?" என்று சத்தம் போட்டாள். தையல் போட்ட வயிற்றோடு அப்படிக் கத்தக்கூடாது என்று நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள். ஆறு வருடத்தில் தங்களைப் பற்றி அவள் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது மைக்கேல்ராஜ். பார்வையாளர் நேரம் மாலை நான்கிலிருந்து ஆறு. இரண்டு அனுமதிச் சீட்டு இணைத்திருக்கிறேன். ஒன்று துணைவியாருக்கு. நாங்கள் அந்த நேரத்தில் காப்பி குடிக்கப் போய்விடுகிறோம், லட்சுமம்மாவையும் எப்படியாவது இழுத்துக்கொண்டு போகிறேன்.

சத்தம் போட்டால் தையல் பிரியும் என்கிறார்கள். ஆனாலும் அவள் இன்னும் திட்டி முடிக்கவில்லை. அதை நான் கேட்டுக்கொண்டிருப்பது முறையாகாது. உரியவர் வந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

தங்கள் பேத்தியின் இன்னொரு தாத்தா,
முனியப்பன்