கப்பலுக்குக் கை தூக்கிய நாள்

வீடு முழுக்க மைதாப் பசை வாடை. என் மகள் பள்ளிக்கூட டீச்சர். அவள் வகுப்புப் பிள்ளைகள் ஏதோ பல நாட்டுக் கூட்டம் நடத்துகிறார்களாம், கூடத்தில் உட்கார்ந்து காகிதக் கொடிகளை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். "அம்மா, மாலத்தீவுக் கொடி என்ன கலரு, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்கிறாள் பார்! ஒரு நாள் முழுக்க மாலத்தீவின் அதிபராக இருந்தவளடி நான். அது உனக்குத்தான் தெரியும். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு, உனக்கு எழுத வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பெங்களூரில் ஏழு நாட்டுத் தலைவர்கள் கூடப்போகிறார்கள் என்று வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. நமக்கு அரசியல் பாடம் எடுத்த மேடத்துக்கு, அதே மாதிரி ஒரு மாநாட்டை நம் கல்லூரியிலும் நடத்திப் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஆறு நாடுகளுக்கு அடிபிடி. இலங்கை நாற்காலிக்கு மட்டும் ஆளில்லை. எவள் உட்காருவாள்? மதுரையில் அப்போது முக்குக்கு முக்கு அந்த நாட்டுத் தலைவரின் கொடும்பாவி எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் மேடம் சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்கு மாலத்தீவு, உனக்கு இலங்கை.

நீ எங்கிருந்து வந்தவள் என்று வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்ப இரண்டு நாட்டுத் தலைவர்களும் எந்தக் காலத்திலோ போட்ட கையெழுத்துக்காக, நீயும் உன் அப்பாவும் தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ராமேசுவரத்துக்குக் கப்பலேறி வந்தீர்கள். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. படுக்கையில் கிடந்த தன் தாயைப் பார்த்துக்கொள்ள உன் அம்மா செல்லாயி அங்கேயே நின்றுவிட்டார், அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி. அங்கே கலவரம் வந்தது, கப்பலையே நிறுத்திவிட்டார்கள். விமானத்தில் ஏற உங்களுக்கு வசதி ஏது?

"சீட்ட மாத்திக்கிருவோம்டி. மாலத்தீவ எவ வையப் போறா?" என்றேன்.

"வேணாம். மாநாட்டுல போக்குவரத்துன்னு ஒரு தலைப்பு இருக்குல்ல? அதுல நான்தான் பேசணும்."

"அடிச்சுருவாளுக."

"அடிக்கட்டும். நீ மட்டும் என் கதைய யார்கிட்டயும் சொல்லிறாத. பாவம் பாத்துக் கைதட்டுனாளுகன்னா எனக்கு வேணாம்."

பிடிவாதக்காரி. வேறு என்ன சொல்ல?

பெங்களூர் விதிதான் நமக்கும் என்று மேடம் சொல்லிவிட்டார். இரண்டு நாட்டுச் சச்சரவை யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் மணியடிப்பார். எந்த முடிவுக்கும் ஏழு பேரும் கை தூக்க வேண்டும். மழையைப் பேசலாம், தபாலைப் பேசலாம், வீடு எரிந்ததைப் பேசக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீதான் என்னை அடக்கினாய். "பேசக் கூடாதுன்னு சொன்னத விடு. பேசலாம்னு சொன்னதுல எம்புட்டு இருக்குன்னு பாரு" என்றாய்.

மாநாட்டன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. பின்வரிசை முழுக்கக் கறுப்புப் பட்டை. ஒவ்வொரு தலைவருக்கும் மல்லிகை மாலை விழுந்தது. உன் முறை வந்ததும் "இறங்கு! இறங்கு!" என்று கூச்சல். உனக்கு மாலை போட வந்தவள் பயந்து பாதி வழியில் நின்றுவிட்டாள். அப்போதுதான் சாந்தி மேடையேறினாள், விடுதி மாணவிகளின் தலைவி. அவள் கையில் செருப்பு மாலை. சாயங்காலம் ஊர்வலத்தில் கொடும்பாவிக்குப் போடக் கோத்து வைத்திருந்தது. பிடித்த தலைவருக்குப் பூ, பிடிக்காதவருக்குச் செருப்பு, நம் ஊர் வழக்கம் அதுதானே. பலகையில் இருந்த நாட்டின் பெயரைத்தான் அவள் பார்த்தாள், பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை.

"சாந்தி, கீழ இறங்கு!" என்று மேடம் எழுந்தார்.

நீ மேடத்தைக் கையமர்த்தினாய். "போடுங்கக்கா. ஆனா போட்டபெறகு, நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் சத்தம் போடக் கூடாது."

சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டிக் குனிந்தாய். அவள் போட்டேவிட்டாள். உன் வெள்ளைச் சேலை முழுக்கப் புழுதி. நீ குனிவாய் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை, கூச்சல் அப்படியே அடங்கியது. உண்மையைக் கத்திவிடக் கூடாதே என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"எங்களுக்கும் பக்கத்து நாட்டுக்கும் ஆயிரம் இருக்கும். அதைப் பேசக் கூடாது, நான் பேசவில்லை. கப்பலைப் பற்றி மட்டும் கேட்கிறேன். தலைவர்கள் முகம் பார்க்காவிட்டாலும் கப்பல் போய்வர வேண்டும். எந்தச் சண்டைக்காகவும் அதை நிறுத்தக் கூடாது. அந்தக் கரையில் மூட்டை கட்டி வைத்துக் காத்திருப்பவர்கள் யாரோடும் சண்டை போட்டவர்கள் இல்லை."

மூட்டை என்றபோது உன் குரல் உடைந்தது. மேடத்தின் கை மணிமேல் இருந்தது. அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"மாலத்தீவு வழிமொழிகிறது!" என்று நான் எழுந்து கத்தினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையும் இல்லை. நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான் என்று கைகள் மேலே போயின. இந்தியா மட்டும் பாக்கி. அந்த நாற்காலியில் இருந்தவள் வகுப்பின் முதல் மாணவி, எழுதி வந்ததைத் தவிர ஒரு சொல் பேசமாட்டாள். "இந்தியா இதைப் பரிசீலிக்கும்" என்று வாசித்தாள்.

"எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டாய் நீ.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்கு அதில் பதில் இல்லை. அவள் கை ஏறாவிட்டால் அவ்வளவுதான், தீர்மானம் செத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் அதட்டியது. "கையத் தூக்குடி!" சாந்தி.

கை ஏறியது.

முடிந்ததும் சாந்தி நேரே உன்னிடம் வந்தாள். "யாரு அங்க மூட்டையக் கட்டிட்டு உக்காந்துருக்கா?"

"எங்கம்மா" என்றாய்.

அவள் தான் போட்ட மாலையைத் தானே கழற்றினாள். தன் தாவணியால் உன் தோள் புழுதியைத் துடைத்துவிட்டாள்.

பெங்களூர் மாநாடு முடிந்த அன்று, பெரியார் பேருந்து நிலையத்து டீக்கடை வானொலியில் நீயும் நானும் அறிக்கையைக் கேட்டோம். என்னென்னவோ சொன்னார்கள், கப்பலைச் சொல்லவில்லை. "நம்ம தீர்மானம் அம்புட்டுத் தூரம் போய்ச் சேரல போல" என்று நீ சிரித்தாய். எனக்குத்தான் அழுகை வந்தது. அடுத்த மழைக்காலத்தில் வாடிப்பட்டிக்குத் தந்தி வந்தது. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போகவும் உனக்குக் கப்பல் இல்லை. தலைவர்கள் வரிசையாகக் கைகோத்துப் படமெடுத்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் தலைக்கேறுகிறது. நீ அவர்களை மன்னித்துவிட்டாய், எனக்கு அது வரவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு நாகப்பட்டினத்திலிருந்து அந்தக் கரைக்குக் கப்பல் விட்டார்கள். அடிக்கடி நிற்கிறது, பிறகு ஓடுகிறது. போன வாரம் சீட்டு எடுக்கப் போனேன். "அங்க சொந்தக்காரங்க இருக்காங்களாம்மா?" என்று சீட்டுக் கொடுப்பவர் விசாரித்தார். இல்லை என்றேன். "அப்பறம் யாரப் பாக்கப் போறீங்க?"

யாரையும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தலவாக்கலைத் தோட்டத்துல செல்லாயின்னு ஒருத்தங்க" என்றேன். "ரொம்ப வருசமாக் கப்பலுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க."