அந்த ஏழு கதவுகள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், வேறு மாதிரி இருந்தாலும் நீ எழுதமாட்டாய். முழங்கால் பழையபடி மக்கர் பண்ணுகிறது, ஆயுசு முழுக்க லிப்ட் ரிப்பேர் பார்த்தவன் இரண்டு மாடி ஏற மூச்சு வாங்குகிறேன், சிரித்துக்கொள். மருமகளுக்கு இருமல் என்றாயே, குளிர்ந்த தண்ணீர் குடிக்க விடாதே.

உன் புத்தகம் வந்து சேர்ந்தது. தத்துவமெல்லாம் என் மண்டையில் ஏறாது என்றுதான் பிரித்தேன், பார்த்தால் முதல் அத்தியாயமே நம் வராந்தா. ஏழு வயதில் காய்ச்சலோடு வீடுவீடாகத் தட்டினாய், ஏழு வீட்டிலும் ஆள் இருந்தும் ஒருவரும் திறக்கவில்லை, மனிதர்கள் கூடி வாழ்வது பயத்தால்தான், பாசத்தால் அல்ல என்று அன்றே உனக்குப் புரிந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். மீதி முந்நூறு பக்கமும் அதன்மேல்தான் நிற்கிறது. படித்தபோது அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போன கையைக் கிள்ளினால் தெரியாதே, அப்படி இருந்தது. தட்டில் சோறு காய்ந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறேன், அதனால்தான் எழுத முடிகிறது.

விஷயம் இதுதான். திறக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னவன் நான். உன் அம்மாவை அதே காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன், உனக்குப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒட்டும் வியாதி, சின்னக் குழந்தைகள் தாங்காது என்று டாக்டர் சொன்னார். நம் மாடியில் ஆறு குழந்தைகள். அன்று காலை உடனே வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. போகும்முன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, என் பையன் தட்டினாலும் அழுதாலும் திறந்துடாதீங்க என்று சத்தியம் வாங்கினேன். எதிர்வீட்டுத் தையல் அத்தை மட்டும் முடியாது என்று சண்டை பிடித்தாள், அவளுடைய கைக்குழந்தையைக் காட்டித்தான் வாயை அடைத்தேன். அவள் கதவில்தான் நீ அதிக நேரம் நின்றாயாம். உள்ளே அவள் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். மாலையில் நான் திரும்பி வந்தேன், உன் அம்மா வரவில்லை.

அதற்குப் பிறகு நீ அந்த வீடுகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தாயில்லாப் பிள்ளை என்னையும் வெறுத்துவிட்டால் என்ன செய்வேன் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாற்பது வருஷம் ஓடிவிட்டது. ஏழு குடும்பத்தைக் கெட்டவர்களாக்கி நான் நல்ல அப்பாவாக இருந்துவிட்டேன். அந்தக் கைக்குழந்தை இப்போது டீச்சர், போன வாரம் உன் அத்தியாயத்தை அத்தைக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த பதிப்பின் அட்டைக்கு அந்தக் கதவுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாயே, போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அத்தை வாசலில் நின்றாள். அவன்கிட்ட நீங்க சொல்லவே இல்லையாண்ணே என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நம் வீட்டுக்குள் வந்துவிட்டேன், படம் எடுக்கவில்லை.

புத்தகத்தை மாற்றுவதும் மாற்றாததும் உன் பாடு. என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் வரட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அத்தைக்கு ஒரு போன் போடு. நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்குக் காது மந்தம், நடையும் தளர்ந்துவிட்டது, எழுந்து வர நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருந்தால் வைத்துவிடாதே. கட்டாயம் எடுப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா