நாலு மணிக்கு நீ வராத காரணம்

அன்பு மச்சான் கதிரேசு,

நீ கண்மூடி ஓராண்டு ஆகிறது. உனக்குக் கொடுத்த வாக்கு ஒன்றை மீறப் போகிறேன். அதை முதலில் உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

மெர்போக்கில் நம் வீட்டுக் குளியலறையில் நீ வழுக்கி விழுந்த பிறகு, சுங்கை பட்டாணியில் உள்ள முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று சொன்னவள் உன் தங்கை சரசு. நீ மறுத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே போன பிறகு எட்டு மாதம் எங்கள் முகத்தில் விழிக்கவில்லை. பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு. சனிக்கிழமைதோறும் நாங்கள் கூடத்தில் காத்திருப்போம். பணிப்பெண் உள்ளே போய்விட்டுத் தனியாகத் திரும்புவாள். "அங்கிள் தூங்குறாரு ஆன்ட்டி." அடுத்த வாரமும் அதே தூக்கம்.

"வீட்ட விட்டுத் தொரத்திட்டேன்னு அண்ணனுக்கு எம்மேல கோவம்," என்று காரில் வரும்போதெல்லாம் சரசு அழுவாள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஊரெல்லாம் விசாரித்துச் செய்தி எழுதியவனுக்கு, இங்கே விசாரிக்கத் தோன்றவில்லை.

உன் கண் சிகிச்சை அட்டையைக் கொடுக்க ஒரு நாள் நண்பகலில் வந்தேன். சாப்பாட்டு நேரம். நீ தஞ்சோங் டாவாய் கருவாட்டைக் கடித்துக்கொண்டு, எதிரே இருந்த, அதே இல்லத்துப் பாப்பாத்தி அக்காவைக் கேலி செய்துகொண்டிருந்தாய்.

"வா மாப்ள! பேப்பர்காரருக்கு இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சிச்சா? உக்காரு லா!"

கோபத்தின் சாயல்கூட இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் பணிப்பெண் சிறிய டப்பாக்களைத் தட்டில் அடுக்கி எடுத்து வந்தாள். "அங்கிள், பல்லு." நீ துண்டால் வாயை மறைத்துப் பல்செட்டைக் கழற்றிப் போட்டாய். பிறகு சுவரைப் பார்த்துப் பேசினாய்.

முன்பு ஒருவர் பல் இன்னொருவர் வாய்க்குப் போய்ச் சண்டை வந்ததாம். அதிலிருந்து பல்செட்டுகள் அலுவலக அலமாரியில் இருக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வரும். நான்கு மணிக்குத் தேநீரில் நனைத்த ரொட்டிதானே, அதற்குப் பல் எதற்கு?

"கேட்டு வாங்கிக்கிறதுதானே மச்சான்?"

"பல்லுக்கும் பிச்ச எடுக்கச் சொல்றியா? பன்னெண்டு மணிக்கு நான் மனுசன் மாப்ள. நாலு மணிக்குப் பொக்க வாயன். அந்த மூஞ்சிய சரசு பாக்க வேணாம். அவகிட்ட சொல்லிடாத, ஆபீஸ்ல போயி சண்ட போடுவா."

வாக்குக் கொடுத்தேன். மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி, அதன் பிறகு நண்பகலில் வந்தோம். உன்னோடு சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பிய முதல் நாள், "அண்ணன் மன்னிச்சிட்டாருங்க," என்றாள் சரசு. நான் சாலையைப் பார்த்துக் காரை ஓட்டினேன்.

அதற்குள் நீ இளைத்திருந்தாய். பல்செட் தளர்ந்து ஈறில் உராய்ந்து புண்ணாகியிருந்தது. அரசாங்கப் பல் மருத்துவக் குழு வந்தபோதுதான் அது தெரிந்தது. "பகல்ல போட்டிருக்கட்டும். ராத்திரி கழட்டி, தேச்சுக் கழுவி, தண்ணியில வைங்க. அப்பப்ப வாயத் தொறந்தும் பாருங்க," என்றார் அந்தக் குழுவின் டாக்டரம்மா. புதிய செட்டுக்கு அளவெடுத்தார்கள். அது வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது அங்கே ஒவ்வொரு பல்செட்டிலும் உரியவர் பெயரைப் பொறித்து, அவரவரிடமே விட்டுவிடுகிறார்கள். நான் போய்க் கேட்டபோது மேற்பார்வையாளர் எளிதில் இசையவில்லை. "தொலைஞ்சா நான்தானே சார் பதில் சொல்லணும்?" என்றார். நியாயமான கேள்விதான். மறதி உள்ள இருவருடையது மட்டும் இன்னும் அலமாரிக்குப் போகிறது. பார்வையாளர் வருவதற்கு முன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். போன சனிக்கிழமை பண்டார் பாருவிலிருந்து மகன் வந்தபோது, பாப்பாத்தி அக்கா அவன் தாடியைப் பார்த்து ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தாராம்.

சரசுதான் மச்சான், இன்னும் ஆறவில்லை. நேற்று உன் படத்துக்கு மாலை போடும்போது, "மன்னிச்சிட்டுத்தான் போனாரு. ஆனா அந்த எட்டு மாசம் என்னை எவ்வளவு வெறுத்திருப்பாரு?" என்றாள். மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். உன் மானத்தைக் காப்பதாக நினைத்து, அவள் நெஞ்சில் ஒரு கல்லை வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் இன்னும் சொல்லாதே என்பாயா?

இந்தக் கடிதம் பத்திரிகையில் அச்சுக்குப் போகும் முன், நாளைக் காலை அவளை உட்கார வைத்து வாசித்துக் காட்டுவேன். ஒரு வரியையும் விடமாட்டேன்.

உன் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை,
ராமசாமி