குடை போட்ட திரைச்சீலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் சுகம். என் முதுகை மட்டும் இதில் சேர்க்காதே. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று உறையைப் பார்த்ததுமே யோசித்திருப்பாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் மூடினாலும் மீதி உன் கையில்தான் இருக்கும். அதனால்தான்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்திவிட்டது, இப்போது குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. அண்ணிக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக என்னைப் பார்த்து, "இவ்வளவா நரைச்சுப் போச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். கடையை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. கார் சீட் கவர் தைத்த பெரிய மெஷினை விற்க மனம் வராமல் முன்னறையில் போட்டு வைத்திருந்தேன். அதுதான் வினையாய்ப் போயிற்று.

அண்ணி ஒரு தையல் குழுவில் சேர்ந்திருப்பதைச் சொன்னேன் அல்லவா. ஏழெட்டுப் பெண்கள், வியாழக்கிழமைதோறும் நூலகத்துக்குப் பின்னால் உள்ள அறையில் கூடுகிறார்கள். பழைய துணிகளைச் சாண் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் பருத்தித் துணி என்று மூன்று அடுக்காக ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். ஆற்றுப்பாலம் தாண்டி ஓர் இல்லம் இருக்கிறது. இனி வைத்தியத்தால் ஆவதில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்தவர்களை, கடைசிவரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு போர்வை, இனாமாக.

மூன்று அடுக்கு சேர்ந்ததும் அவர்கள் மெஷின்களில் ஊசி ஊசியாக உடைந்திருக்கிறது. "எங்க வீட்டுக்காரர் மெஷின் தோலையே தைக்கும்" என்று இவள் பெருமையடித்துவிட்டு வந்தாள். மறுநாள் எட்டுப் போர்வைகள் வாசலில் இருந்தன. குழுவின் தலைவி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். நான் தைத்த முதல் போர்வையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. உட்கார்ந்துக்கலாம், போர்த்திக்கத்தான் முடியாது" என்றார். பிரிக்கச் சொன்னார். முப்பது வருடம் தைத்தவனைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். சீட்டுக்கு இழுத்துத் தைக்க வேண்டும், போர்வைக்கு விட்டுத் தைக்க வேண்டும் என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன். இப்போது அவர்களுக்கு நான் சீட்டுக்கார அண்ணன்.

வேலையில் கெடுபிடி அதிகம். கட்டிலுக்கு வெளியே தொங்கக் கூடாது, சக்கரத்தில் மாட்டும். பொத்தான், ஜிப் வைத்த துண்டு ஆகாது, மெலிந்த உடம்பை உறுத்தும். மூன்று முறை வெந்நீரில் துவைத்த பிறகுதான் வெளியே போகும். கொடுக்கப் போகும்போது எப்போதும் மூன்று போர்வைகள் கொண்டுபோக வேண்டும். கட்டிலில் விரித்துக் காட்டி, அவர்களையே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். எந்த மாத்திரை, எப்போது ஊசி என்று எல்லாவற்றையும் அடுத்தவர்கள்தான் முடிவு செய்கிறார்கள், இதையாவது அவர்கள் வாயால் சொல்லட்டும் என்பார் டீச்சர். "சீக்கிரம் குணமாயிடும்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. இல்லத்தில் இதற்கென்று ஒரு நோட்டு உண்டு. அறை எண், போர்வை எண், கடைசியில் 'பிறகு யாருக்கு' என்று ஒரு கட்டம். கொடுத்த போர்வையை நாங்கள் திரும்ப வாங்குவதில்லை. அந்தக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடம் போகும். பெயர் இல்லையென்றால் அவரோடே போய்விடும்.

இனி, உன்னைக் கேட்காமல் நான் செய்த ஒரு காரியம். போன மாதம் துணி தீர்ந்துவிட்டது. ஏழு வருடத்துக்கு முன்பு நீ விட்டுவிட்டுப் போன பை பரணில் இருந்தது. "எனக்கு வேண்டாம், என்ன வேணா செஞ்சுக்கங்க" என்று நீ சொன்னது நினைவு வந்து இறக்கினேன். மேலாக இருந்தது உன் சமையலறை ஜன்னலில் தொங்கிய மஞ்சள் திரைச்சீலை. நீலத்தில் சின்னச் சின்னக் குடை போட்டது. அதில் பன்னிரண்டு சதுரம் தேறியது. அதற்கு அடியில் வெள்ளை ஃபிளானல் துணித் துண்டுகள் இருந்தன. நீ வெட்டி வைத்துத் தைக்காமல் விட்டவை. சட்டைக் கையின் அகலம் என் மூன்று விரல்தான் இருக்கும். அவற்றை நான் தொடவில்லை. பழையபடி முடிச்சுப் போட்டு மேலே வைத்துவிட்டேன்.

போன வாரம் டீச்சருக்குப் பல் பிடுங்கியதால் போர்வை கொடுக்க என்னை அனுப்பினார்கள். ஆறாம் நம்பர் அறை, புதிதாக வந்தவர், உறவென்று யாரும் இல்லை என்று மட்டும் சொன்னார்கள். மூன்று போர்வைகளைச் சுமந்துகொண்டு உள்ளே போனேன். கட்டிலில் மாப்பிள்ளை இருந்தார்.

ஆமாம், உன் வீட்டுக்காரர்தான். அவர் பேச்சை உன் காதில் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாய், ஏழு வருடம் போடவில்லை. நம் வீட்டில் அவர் 'அவன்' ஆகி அத்தனை வருடம் ஆகிறது. நேரில் பார்த்ததும் பழைய வார்த்தைதான் வந்தது, அதையே எழுதுகிறேன். மூட வேண்டுமென்றால் கடிதத்தை இங்கேயே மூடிக்கொள். ஆனால் பிறகாவது மீதியைப் படித்துவிடு. மீதி என்னைப் பற்றியது.

ஈரலில் ஆரம்பித்து எலும்புக்குப் போய்விட்டதாம். அந்த வாட்டசாட்டமான ஆள் கட்டிலில் பாதி இடம்கூட அடைக்கவில்லை. எனக்குத் திரும்பிப் போய்விடத்தான் தோன்றியது. கை பாட்டுக்குப் போர்வைகளை விரித்துவிட்டது. கோடு போட்டதைத் தடவிப் பார்த்தார், பழுப்பு நிறத்தைத் தடவிப் பார்த்தார், மூன்றாவதில் கை நின்றுவிட்டது. "மச்சான், இது எங்க கிச்சன் ஜன்னல்ல போட்டதாச்சே. இதோட ஜோடி இன்னும் அங்கதான் தொங்குது" என்றார். ஒவ்வொரு துண்டையும் பொத்தான் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்கிறவன் நான். இது யார் கைக்குப் போகும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

அதையே எடுத்துக்கொண்டார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. நர்ஸ் நோட்டைக் கொண்டுவந்து, பிறகு யாருக்கு என்று கேட்டபோது, "அதைக் காலியா விடுங்க சிஸ்டர்" என்றார்.

நர்ஸ் போன பிறகுதான் அந்த நாலு நாளைப் பற்றிப் பேசினார். குழந்தை தங்காமல் போய் நீ ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாள். தினமும் வந்தாராம். எதிரே இருந்த பஸ் நிறுத்தம்வரை வந்து, அங்கேயே உட்கார்ந்திருந்து, இருட்டியதும் திரும்பிப் போனாராம். ஏன் என்று தனக்கு இன்னும் தெரியவில்லை, கால் வரவில்லை என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நாற்பது அடி ரோடு அது. நீ உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். அதைச் சொல்லியே திட்டினேன், நோயாளி என்றும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டார்.

பிறகு, "மூணாம் நாள் நீங்க பிளாஸ்க்கோட வந்தீங்க. என்னைப் பார்த்தீங்கதானே மச்சான்?" என்று கேட்டார்.

பார்த்தேன் தங்கச்சி. நன்றாகப் பார்த்தேன். நீலச் சட்டை, மூன்று நாள் தாடி. பார்க்காதவன் மாதிரி ரோட்டைத் தாண்டி உள்ளே வந்தேன். நீ எழுந்து உட்கார்ந்து, "அவர் வந்தாரா அண்ணா? வெளியிலயாவது நிக்கிறாரா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். இதைச் சொல்லத்தான் குழாயிலிருந்து ஆரம்பித்து இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

ஆத்திரம்தான். ஆம்பிளையாக இருந்தால் உள்ளே வரட்டும் என்ற வீம்பு. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன் வீட்டுக்குப் போனதுமே நீ பையைக் கட்டிவிட்டாய், வண்டி பிடித்து வந்ததும் நான்தான். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாயோ. இன்னும் அதிகமாகக்கூட வெறுத்திருப்பாய். ஆனால் அது நீ முடிவு செய்ய வேண்டியது, உனக்குப் பதிலாக நான் முடிவு செய்துவிட்டேன்.

இத்தனை வருடத்தில் ஒரு வரி எழுதி என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். "அவளுக்கு நீங்க ஒருத்தராவது இருக்கட்டும்னுதான்" என்றார். வீடு வந்து சேரும்வரை எனக்கு வழி சரியாகத் தெரியவில்லை.

அண்ணியிடம் எல்லாம் சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்து, "எழுதுங்க" என்றாள். அதன் பிறகும் நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது தினமும் மத்தியானம் போய்வருகிறேன். நானும் அவரும் அதிகம் பேசுவதில்லை. செய்தித்தாள் படித்துக் காட்டுகிறேன், விளையாட்டுப் பக்கம் மட்டும் போதும் என்கிறார். அவர் சாவியைக் கொடுத்தனுப்பியதால் அந்த வீட்டுக்கும் போனேன். மற்றத் திரைச்சீலை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வெயில் பட்டுக் குடையெல்லாம் வெளுத்துவிட்டது. கழற்றிக்கொண்டு வந்து மூன்று முறை வெந்நீரில் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வெட்டவில்லை. டாக்டர் மூன்று வாரம் என்கிறார். நர்ஸைக் கேட்டால், அவ்வளவு இருக்காது என்பது போலத் தலையை ஆட்டுகிறார். இது உனக்கு வந்து சேரவே நாலு நாள் ஆகும்.

அவரை மன்னித்துவிடு என்று நான் எழுதவில்லை, அதைச் சொல்ல எனக்கு வாயும் இல்லை. உன்னை வரச் சொல்லும்படி அவர் கேட்கவும் இல்லை. நேற்று நர்ஸிடம் அந்த நோட்டை வாங்கி, ஆறாம் நம்பர் அறைக்கு நேராகக் காலியாக இருந்த கட்டத்தில் உன் பெயரை எழுதினேன். அது அவருக்குத் தெரியாது. பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். அதன் மேல் பேனாவால் எழுதுவதா, அழித்துவிடுவதா என்று நீதான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நீயே சொல். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன். போர்வை அவரோடு போகும், அதுவும் நல்லபடியாகத்தான் போகும்.

என்னைத் திட்ட வேண்டுமென்றால் போனிலேயே திட்டு, நடுவில் பேச மாட்டேன். நீ போன இடத்தில் உன் சொந்தக் காலில் நிற்கிறாய், அதில் எனக்கு எப்போதும் பெருமைதான். நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா, நூறு வருடம் இருக்க வேண்டும். புறப்படுவதானால் எந்த நேரமானாலும் சொல். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். உன்னை அந்த அறை வாசல்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: முடிவு உன்னுடையது என்று எழுதிவிட்டேன், ஆனாலும் அண்ணன் வாய் சும்மா இருக்காது. பென்சிலோடு ஒரு ரப்பரையும் நர்ஸ் கொடுத்தார். சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதற்கு வேலை வைத்துவிடாதே அம்மா.