மண்டையோடும் ஒரு முட்டையும்

தென்காசி
9-8-1961

அன்புள்ள அத்தானுக்கு வடிவாம்பாள் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நாச்சியாரை நினைத்ததும் கை நின்றுவிட்டது. டைபாய்டு காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகியும் பிள்ளைக்கு உடம்பு தேறவில்லை. ஆறு வயதுக்காரியை இன்னும் இடுப்பில்தான் தூக்கிப் போகிறேன்.

சீசனுக்குக் குற்றாலம் வந்திருந்த மெட்ராஸ் டாக்டர் தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார், உங்கள் அப்பா ஒப்பவில்லை, நான் என்ன செய்யட்டும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீங்களோ நீங்கள் இருக்கும் அந்த டாங்கனீகா தேசத்தில் கிடைத்த ஆதி மனிதனின் மண்டையோட்டைப் பற்றி இரண்டு தாள் எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஆள் போங்கள்!

உங்கள் கடிதம் வந்தால் நான் வாசிக்க மாமா கேட்பதுதானே வழக்கம். பதினேழு லட்சம் வருஷத்துக்கு முந்தியவன், கடைவாய்ப்பல் நம்முடையதைப் போல இரண்டு மடங்கு, கொட்டையும் கிழங்கும் அரைத்த பல் என்று வாசித்ததுமே, "பாத்தியா வடிவு, ஆதி மனுசன் சைவம்லா!" என்று எழுந்துவிட்டார்கள். மீதியைக் கேட்காமலே தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்கள். மறுநாள் இரண்டாம் தாளை வாசித்தேன். அதே இடத்தில் கல்லாயுதங்களும் உடைந்த மிருக எலும்புகளும் கிடந்தனவாமே. "அது வேற எவனாவது தின்னு போட்டதா இருக்கும்" என்றார்கள். அங்கே படித்தவர்களிலும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு நான் எந்த வாயோடு பேச?

உங்களிடம் மறைக்கக் கூடாது. எதிர்வீட்டு ஹைருன் பீவி அக்கா அடுப்பில் முட்டை அவித்து எட்டு நாள் கொடுத்தேன். பிள்ளை முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒன்பதாம் நாள் முன்பல்லில் மஞ்சள் கரு ஒட்டியிருந்ததை மாமா கண்டுவிட்டார்கள். "ஏட்டி, வாயத் தொற" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்கள். பல்லைப் பார்த்தே தின்றதைச் சொல்லலாம் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த வித்தைதானே! என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஒம் புருசன் குடுன்னு எழுதட்டும், நான் குறுக்க நிக்கல" என்று மட்டும் சொன்னார்கள்.

அன்றிலிருந்து நாச்சியார் தாத்தா முன்னால் வாயைத் திறப்பதில்லை. சிரிப்பு வந்தால் கையால் பொத்திக்கொள்கிறாள். சோறும் இரண்டு வாய்தான். நேற்று மஞ்சள் ஒட்டிய அந்த முன்பல் விழுந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் கூரையில் எறிவார்கள். இவள், தாத்தா எடுத்துப் பார்த்துவிடுவார் என்று என் முந்தானையில் முடிந்துவைத்தாள்.

அப்பாவை எதிர்த்து எழுதப் பயந்துதான் மண்டையோட்டைப் பற்றி எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாதா? என்றைக்கோ செத்தவன் என்ன தின்றான் என்று விசாரித்து எழுதியவர், நம் மகள் என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வரி கேட்கவில்லையே. 'நாச்சியாருக்கு முட்டை கொடு' என்று உங்கள் கையால் எழுதுங்கள், போதும். மாமா காது கேட்க நானே வாசிக்கிறேன்.

இலஞ்சி முருகன் அங்கே உங்களுக்குத் துணையிருப்பான். பிள்ளையின் பல்லைப் பஞ்சில் சுற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

வடிவாம்பாள்