ஒரு பானை, இரண்டு தூக்குவாளி

அக்கா,

இன்று சனிக்கிழமை, நாளை மாதத்தின் முதல் ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டு அடுப்பில் உங்கள் மண்பானை இருக்கிறது. பன்னீர் திராட்சை வெந்து தோல் கழலும்போது எழும் அந்த வாசனை சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டது. கம்பத்தில் திராட்சை வாசனைக்கு யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே.

"வடிக்கத் துணி எடுத்து வச்சீகளா? போன தடவ மாதிரி வேட்டியில ஊத்திக்கிறாதீக" என்கிறாள் என் மனைவி. அந்த வேட்டியின் கறை மூன்று வெளுப்புக்கும் போகவில்லை. நீங்கள் வாசனையை வைத்தே பானையை இறக்குவீர்கள். எனக்கு அது வரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். காம்பு ஆய்வது முதல் வடித்து ஆறவைப்பது வரை வரிசையாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பார்த்தால் சிரிப்பீர்கள். கீழே தரையில் இரண்டு தூக்குவாளிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

நம் கோயிலில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு எத்தனையோ வருடங்களாக ரசம் உங்கள் தோட்டத்திலிருந்துதான் வந்தது. மாமா இருந்தபோதும் வந்தது, மாமாவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த அதே மாதமும் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, முதல் மணி அடிப்பதற்கு முன் சுருளிப்பட்டி சாலையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குவீர்கள். போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறை வாசலில் தூக்குவாளியை என்னிடம் கொடுத்து, "ஸ்தோத்திரம் கிளார்க்கு தம்பி. சிந்தாமப் பிடிங்க. நீங்க தூக்குற தூக்கப் பாத்தா எனக்கே நடுங்குது" என்பீர்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், சபைச் செயலரான பிறகும், உங்களுக்கு நான் கிளார்க்கு தம்பிதான்.

பிறகு சண்டை வந்தது. அது நம் ஊரில் பிறந்த சண்டை அல்ல. மேலே, பேராயர் பதவியும் நிர்வாகமும் யாருக்கு என்பதில் இரண்டு அணிகள் ஆயின, வழக்குகள் நடந்தன. மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழைக்கு நம் ஆற்றில் தண்ணீர் வருவதுபோல அது இங்கே இறங்கி வந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆனார்கள். ஒரு ஞாயிறு சபையில் பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். போனவர்கள் மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வாழைக்காய்க் குடோனை வாடகைக்குப் பிடித்து, பாய் விரித்து ஆராதனை நடத்தத் தொடங்கினார்கள். கட்டடம், மணி, கல்லறைத் தோட்டம், பதிவேடுகள் எல்லாம் எங்கள் பக்கம் இருந்தன. எங்கள் பக்கம் என்று எழுதும்போது இப்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அந்த வருடம்தான் உறுதிமொழிப் படிவம் வந்தது. எதிர் அணியோடு ஆராதனையில் கலந்துகொள்ள மாட்டேன், அவர்களோடு கூடி ஜெபிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். குறித்த நாளுக்குள் தராதவர்களின் பெயர் சபைப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அவர்களுக்குத் திருவிருந்து இல்லை. உங்கள் படிவத்தை நானே தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் வாசித்தீர்கள்.

"கையெழுத்துப் போட எனக்குத் தெரியும் தம்பி. ஆனா இதுல எண்ணிப் பாத்தா நாலு 'மாட்டேன்' இருக்கு. சாமி கும்புட வர்றவளுக்கு எதுக்கு இத்தன மாட்டேன்?"

படிவத்தை மடித்து, கசங்காமல் என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டீர்கள்.

கடைசி நாள் முடிந்ததும் கமிட்டி தீர்மானப்படி பெயர்களை நீக்கினேன். அளவுகோல் வைத்து, சிவப்பு மையில், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோடு. ஓரத்தில் என் சுருக்கொப்பம். உங்கள் பெயருக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மையா என்று தெரியவில்லை. வேலையில் ஒழுங்காக இருந்தேன் என்பதுதான் நினைவில் இருக்கிறது.

செய்தியைச் சொல்ல வந்த அன்று நீங்கள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று கவாத்து செய்துகொண்டிருந்தீர்கள். தலைக்கு மேலே கைகளைத் தூக்கியபடியே கேட்டீர்கள்.

"வெட்டிட்டீகளாக்கும்?"

"கமிட்டித் தீர்மானம் அக்கா."

"கண்ணு விட்டு வெட்டுனீகளா?"

எனக்குப் புரியவில்லை. ஒரு குச்சியை இழுத்துக் காட்டினீர்கள். மொட்டு உறங்கும் சின்னச் சின்ன முடிச்சுகள். "இதுதான் கண்ணு. இதுல நாலு விட்டுத்தான் வெட்டணும். ஒட்ட வெட்டுனா குச்சிதான் மிஞ்சும், அடுத்த காய்ப்பு கெடையாது. கவாத்து பண்றவன் செடியப் பாத்து வெட்டணும் தம்பி. உங்க கமிட்டிக்காரக பட்டியலப் பாத்து வெட்டுறாக."

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். பதிவு அலுவலகத்தில் எழுத்தை அடித்தால், அடியில் இருப்பது படிக்கும்படிதான் அடிக்க வேண்டும். சுரண்டக் கூடாது, மையைப் பூசி மறைக்கக் கூடாது. "ஒரே கோடுதான் அக்கா. பேரு நல்லாத் தெரியும்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் பந்தலுக்கு அந்தப் பக்கம் நின்ற வேலைக்காரப் பெண்கள்கூடத் திரும்பினார்கள். "அப்ப கண்ணு இருக்குன்னு சொல்லுங்க!"

அடுத்த முதல் ஞாயிறு நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். வந்தீர்கள். வழக்கம்போலத் தூக்குவாளியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்கள். எல்லாரும் வரிசையாகப் பீடத்துக்குப் போனபோது நீங்கள் எழவில்லை. நீங்கள் பிழிந்த ரசத்தை நாங்கள் குடித்தோம். நீங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தீர்கள். போதகருக்குப் பக்கத்தில் கிண்ணம் துடைக்கும் துணியோடு நின்ற நான் ஒரு முறைதான் உங்கள் பக்கம் பார்த்தேன். பிறகு துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து உங்களை ஆட்டோவில் ஏற்ற வந்தபோதுதான், இருக்கைக்கு அடியில் அதே அளவில் இன்னொரு தூக்குவாளியைக் கண்டேன். பக்கத்தில் செல்லம் உட்கார்ந்திருந்தாள். அதிகாலை ஜீப்பில் மலையேறிக் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். வேற்று மதத்தில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று சண்டைக்கு வெகுகாலம் முன்பே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, கோயில் படியிலேயே உட்கார்ந்து ஆராதனை கேட்டுவிட்டுப் போவாள். குடோனில் பாய் விரிப்பது இப்போது அவள்தான், யார் வந்தாலும் நகர்ந்து உட்காரச் சொல்வதும் அவள்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் தூக்குவாளியைப் பார்ப்பதைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமலே சொன்னீர்கள்.

"இது குடோனுக்கு. ரெண்டும் ஒரே பானைதான் தம்பி. அங்கன பத்தரைக்குத்தான் ஆரம்பம். வேணும்னா தீர்மானம் போட்டு எழுதிக்கங்க."

நான் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அது பெருந்தன்மை அல்ல, பயம். இரண்டு பக்கத்தாரும் வழக்கு நடத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் துரோகிகள் என்று நோட்டீஸ் போட்டுக்கொண்டு, மாதம் ஒரு நாள் ஒரே பானையிலிருந்து குடித்தார்கள். சபையில் மிச்சமிருந்த ஒற்றுமை அந்தப் பானை மட்டும்தான். ஆட்டோக்காரரை விட்டால், அது தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர்.

ஏழெட்டு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு யாரோ ஆட்டோக்காரரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். கமிட்டியில் மேஜையைத் தட்டினார்கள். "அவுக குடிக்கிறதையா நம்மளும் குடிக்கிறோம்?" என்று மளிகைக்கடைக்காரத் தம்பி கேட்டார். இனி அந்த ரசம் வேண்டாம், தம் கடையிலிருந்து பாட்டிலில் வரும் என்றார். செயலர் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. செயலர் என்றால் நான்.

வந்தேன். தோட்டத்து வாசலில் நின்று, தீர்மானத்தை எழுதியிருந்தபடியே ஒப்பித்தேன். "இனிவரும் காலங்களில் தங்களிடமிருந்து பெற்றுக்கொள்வதில்லை என" என்று முடியும் வாக்கியம். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

"கமிட்டி சொல்லுதா, நீங்க சொல்றீகளா?"

"கமிட்டி."

உள்ளே போய்த் தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்துக் கொண்டுவந்தீர்கள். "இது கோயில் தூக்கு. அங்கனயே இருக்கட்டும்." நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களுக்கு நினைவிருக்கும். பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, 'தூக்குவாளி ஒன்று பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கிழித்துக் கொடுத்தேன். நீங்கள் அதையும் வாங்கிக்கொண்டீர்கள்.

அதன்பிறகு எங்கள் கிண்ணத்தில் பாட்டில் ரசம். இனிப்பு மட்டும் இருந்தது. நீங்கள் கோயிலுக்கு வருவதை விட்டீர்கள். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். மதுரைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். இரண்டு முறை சுருளிப்பட்டி சாலையில் பாதி தூரம் வந்து திரும்பினேன். வழியில் யாராவது பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பதிலைத் தயார் செய்ய முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு எதையும் இங்கே சேர்த்து எழுத விரும்பவில்லை.

ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். கல்லறைத் தோட்டத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் உங்களுக்கென்று விட்ட இடம் புல் மூடிக் கிடந்தது. சாவி என்னிடம் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லாதவரை அடக்கம் செய்ய மேலிடத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். நான் ஒரு கடிதம் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு, பிழையில்லாமல், மிகப் பணிவாக. அதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் குடோனில் பாயில் படுத்திருந்தீர்கள். மழை விட்டது, மறுபடி பிடித்தது. மாலை நான்கு மணிவரை பதில் வரவில்லை. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது அக்கா. முன்பு நீங்கள் படிவத்தை மடித்து வைத்த அதே பையில்.

உங்களை உங்கள் தோட்டத்துக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். பந்தலின் மேற்கு ஓரத்தில் குழி வெட்டினார்கள். நான் பின்னாலேயே வந்து, சாலையிலேயே, வேலிக்கு இந்தப் பக்கம் குடையோடு நின்றேன். எங்கள் பக்கத்திலிருந்து வேறு யாரும் வரவில்லை. குடோன்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது நியாயம்தான். செல்லம் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலிவரை வந்தாள்.

"என்னங்கய்யா, அங்கன நிக்கிறீக? இங்கன வாங்க."

"பரவாயில்லம்மா."

"என்ன பரவாயில்ல? மண்ணு போட ஆள் நகந்து எடம் விட்டிருக்காக, வாங்க."

கை நிறைய ஈர மண்ணை எடுத்து என் கையில் வைத்தாள். போட்டேன். எல்லாம் முடிந்த பிறகு, சாக்கில் சுற்றிய பானையைக் கொண்டுவந்தாள். "அக்கா உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாக."

"எங்கிட்டயா? ஏன்?"

"அது சொல்லலையே. 'கிளார்க்கு தம்பி சிந்தாமப் பிடிக்கப் பழகட்டும்'னாக."

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. வேலை என்று எடுத்துக்கொண்டேன். வேலை என்றால் எனக்குச் செய்யத் தெரியும்.

நான்கு மாதமாகச் செய்கிறேன். குடோனுக்குப் போகும் தூக்குவாளியைச் செல்லம் வந்து வாங்கிப்போகிறாள். கோயிலுக்குரியதை நான் எடுத்துப்போய், பாட்டிலுக்குப் பதிலாகக் கிண்ணத்தில் ஊற்றிவிடுவேன். முதல் மூன்று மாதம் யாரும் எதுவும் கேட்கவில்லை. போன மாத முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மளிகைக்கடைக்காரத் தம்பி வெஸ்ட்ரிக்குள் வந்தார். போதகர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, நம்ம கடப் பாட்டில விட்டுட்டீகளா? ரசம் பழைய ருசியா இருக்கே. எங்கன வாங்குனீக?"

"வாங்கல. நான் வீட்டுல காய்ச்சினது. அக்காவோட பானையில." மீதியையும் சொன்னேன். "குடோனுக்கும் இதே பானையிலருந்துதான் போகுது."

அவர் போதகரைப் பார்த்தார். போதகர் அங்கியை மடிப்பதை நிறுத்தவில்லை. "கமிட்டி சொல்லித்தான் செய்யுறீகளா?" என்றார் கடைக்காரத் தம்பி.

"இல்ல. நான்தான்."

இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டதால் சொன்னேன். கேட்காமல் இருந்திருந்தால் சாகும்வரை சொல்லாமல் இருந்திருப்பேன். அடுத்த கமிட்டியில் என் விஷயம் வைக்கப்பட்டிருக்கிறது. செயலர் பொறுப்பிலிருந்து நீக்குவார்கள், பட்டியலிலிருந்தும் நீக்கலாம். இரண்டு பக்கமும் சேரும் என்று நான் நம்பவில்லை. வழக்கு என் ஆயுளுக்குள் முடியாது. குடோன்காரர்களிலும் சிலர், கோயில்காரன் காய்ச்சியது நமக்கு எதற்கு என்று பேசத் தொடங்கியிருக்கிறார்களாம். செல்லம்தான் சொன்னாள், சொல்லிவிட்டு, "நாளைக்கி வெள்ளன வந்துருவேன், ரெடியா வைங்க" என்றாள்.

பதிவேட்டை ஒப்படைப்பதற்காக நேற்று எடுத்து வைத்தேன். உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சிவப்பு மை கொஞ்சம் மங்கியிருக்கிறது. அடியில் உங்கள் பெயர், மாமா பெயர், சேர்ந்த வருடம், எல்லாம் தெளிவாகப் படிக்க முடிகிறது. என் பெயர் இருக்கும் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். அடுத்து வரும் செயலருக்கு ஒரு வேண்டுகோள்: அடிக்கும்போது ஒரே கோடாக அடிக்கவும், பெயர் படிக்கும்படி.

கடிகாரம் பார்க்க மறந்துவிட்டேன் அக்கா. வாசனை மாறிவிட்டது. பானையை இறக்குகிறேன்.